எக்ஸ்ரேயில் என் கடன் தெரியுமா?

"பத்து நாள்ல சரியாயிடும்மா, போங்க."

இதைச் சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பெருந்தன்மையாக எழுதத்தான் பார்க்கிறேன். கை வரமாட்டேன் என்கிறது. கோபம் இருக்கிறது. வயிறு எரிகிறது. பத்து நாள் என்றவர் என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. திரையில் வெள்ளையாகத் தெரிந்த என் எலும்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார். வருஷங்கள் ஓடிவிட்டன. வலி என் கழுத்தை விட்டு இறங்கவில்லை. இது சீக்கிரம் போகிற வலி அல்ல என்பதற்கான அடையாளம் அத்தனையும் முதல் நாளே என்னிடம் இருந்தன. கேட்டிருந்தால் வாயாலேயே சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. என் வழக்கு அதுதான்.

அது எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. பேரைச் சொன்னால் ஏதோ அந்த ஒருவர் செய்த தப்பு என்று ஆகிவிடும். நான் ஏறி இறங்கிய படிகள் நிறைய. எல்லா இடத்திலும் இதே கதை.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்த வீட்டிலும் தறிதான். பள்ளிக்கூடம் போகிற வயசில் ராட்டையில் தார் சுற்றினேன். கொஞ்சம் கை நீண்டதும் கரைக்கு நாடா போடத் தறியோரம் உட்கார வைத்துவிட்டார்கள். அப்போதே கழுத்து பிடித்துக்கொள்ளும். அம்மா நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவிவிடுவாள், மறுநாள் மறுபடி உட்காருவேன். அந்தக் காலத்தில் காஞ்சிபுரத்துத் தறிகளில் எங்களை மாதிரிப் பிள்ளைகள் உட்காராத தெரு ஏது?

பட்டுப்புடவை கட்டுகிற உங்களில் எத்தனை பேருக்குக் கோர்வை தெரியும் என்று தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே ஊடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினால் இரண்டு நிறமும் சுத்தமாக வராது. அதற்காக மூன்று நாடா ஓடும். நடுவில் உட்கார்ந்து நெய்கிறவர் இரண்டைப் பார்த்துக்கொள்வார். ஒரு பக்கக் கரைக்கு மூன்றாவது நாடா. அதைப் போட இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொரு ஆள் நான். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகிற இடம் ஒரு நூல் அகலம்கூட இருக்காது. கண் அதைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் கோர்வை பல்லை இளிக்கும். புடவையை எடுத்துக்கொள்கிறவர் அந்த இடத்தை விரலால் நீவிப் பார்த்து, கூலியில் பிடித்துவிடுவார். ஆகவே தலை குனிந்தபடி, சற்றே இடப்பக்கம் திரும்பியபடி, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை. நடுவில் நெய்கிறவர் பலகையை இழுத்து அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் என் தோள்பட்டையில் ஒரு தெறிப்பு. இழை அறுந்தால் இன்னும் குனிய வேண்டும். அறுந்த நுனி இரண்டையும் நகத்தால் தேடிப் பிடித்து எச்சில் தொட்டு முறுக்கிப் பிணைக்கும்வரை மூச்சுகூட விடமாட்டேன்.

தலையை நேராக வைத்திருந்தால் கழுத்துக்கு 5 கிலோ பாரம், 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ என்று அமெரிக்காவில் ஒரு முதுகெலும்பு டாக்டர் 2014-ல் கணக்குப் போட்டார். உலகமே அதைப் படம் போட்டுப் பகிர்ந்தது. யாருக்காக அந்தக் கணக்கு? செல்போன் பார்க்கிறவர்களுக்காக. செல்போன் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்து எங்கள் தெருவில் கழுத்து குனிந்திருக்கிறது. யாரும் டிகிரி பார்க்கவில்லை.

இந்தத் தடவை வந்தது பழைய பிடிப்பு அல்ல. கழுத்தில் ஆரம்பித்து, தோளில் இறங்கி, கை விரல்வரை சுரீரென்று போயிற்று. பின்மண்டையிலிருந்து நெற்றிக்கு ஏறுகிற தலைவலி வேறு. ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கம் இல்லை. டாக்டரிடம் போனோம். கேள்வி இரண்டே இரண்டு. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக. அடுத்தது எக்ஸ்ரே. படம் வந்தது. "தேய்மானம் இருக்கு. சி-ஃபைவ் சி-சிக்ஸ்." எனக்கு அது ஏதோ வீட்டுக் கதவு நம்பர் மாதிரி கேட்டது. ஒரு ஊசி, இரண்டு கலர் மாத்திரை, கழுத்துக்கு ஒரு பட்டை. குனியாதீர்கள் என்றார். நெசவுக்காரியிடம் குனியாதே என்பவரை நான் என்னவென்று சொல்வது!

தேய்மானம் என்றதும் நான் செத்தே போனேன். எலும்பு தேய்ந்துகொண்டே இருக்கிறது, இனி மீளாது, ஒருநாள் கையும் காலும் விழுந்துவிடும் என்று ராத்திரியெல்லாம் அழுதேன். ஜப்பானில் கழுத்துவலியே இல்லாத நல்ல உடம்புக்காரர்கள் 1,211 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முடிவு 2015-ல் வெளிவந்தது. பத்துக்கு ஒன்பது பேருக்குக் கிட்டத்தட்ட கழுத்தெலும்பு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கியிருந்தது. இருபது வயசுப் பிள்ளைகளுக்கே முக்கால்வாசிப் பேருக்கு இருந்தது. ஒருவருக்கும் வலி இல்லை! ஆக, என் படத்தில் தெரிந்தது வலியில்லாதவர்கள் படத்திலும் தெரிவதுதான். நரைமுடி மாதிரி. அதைக் காட்டி என்னைப் பயமுறுத்தினார்கள். அந்தப் பயம் என் வலிக்கு என்ன செய்தது என்று பின்னால் சொல்கிறேன்.

நாளாயிற்று, போகவில்லை. அதன் பிறகு பேச்சு மாறிற்று. முதலில் நோயாளியாக இருந்தவள் பொய்க்காரி ஆனேன். "படத்துல அப்படிப் பெரிசா ஒண்ணுமில்லியே, எல்லாம் மனசுதாம்மா" என்றார் ஒருவர். முந்தினவர் பெரிசாகச் சொன்ன அதே படம்! "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான்" என்றார் இன்னொருவர். பட்டு கொடுக்கிற இடத்தில் "வேலைக்கு டிமிக்கி" என்று காதுபடப் பேசினார்கள். மாமியார், "நாங்க நெய்யாத நெசவா, பெறாத பிள்ளையா" என்று ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தறி நின்றிருக்கிற நாளில் அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற விதமே எனக்குப் பேச்சு. கரைக்கு ஆள் இல்லாமல் கோர்வைத் தறி ஓடாது. நான் படுத்தால் இரண்டு பேர் கூலி போகும்.

உடம்பில் வலி, வீட்டில் ஏச்சு, மருத்துவமனையில் அவநம்பிக்கை. இதில் எது என் கழுத்தை அதிகம் அழுத்திற்று என்று எந்த எக்ஸ்ரே சொல்லும்?

என் மகள் பிசியோதெரபி படிக்கிறாள். நாங்கள் நெய்த புடவைகள்தான் அவள் கல்லூரிக் கட்டணம். ஒரு லீவில் வந்தவள் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து நாலைந்து தாள்களைப் பரப்பினாள்.

"அம்மா, கழுத்துவலி வர்றதுக்குக் காரணம் வேற. வந்த வலி போகாம தங்குறதுக்குக் காரணம் வேற. ரெண்டும் ஒண்ணில்ல."

"அப்படின்னா?"

"குனிஞ்சு உக்காந்து நெய்யறது வலியைக் கொண்டாரும். ஆனா ஒரே தறியில உக்காந்த ரெண்டு பேருல ஒருத்தருக்கு ஒரு மாசத்துல போயிடும், ஒருத்தருக்கு வருஷக்கணக்கா நிக்கும். யாருக்கு நிக்கும்னு மொத நாளே ஓரளவு சொல்லலாம். அதுக்குன்னே கேள்வி இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாளே சொல்லலாமா?

கனடாவில் ஹோவர்ட் வெர்னன், சில்வானோ மியோர் என்று இருவர் 1991-ல் ஒரு கேள்வித்தாள் போட்டார்களாம். பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து மார்க், மொத்தம் 50. மார்க் ஏற ஏறக் கழுத்து உன் வாழ்க்கையை எவ்வளவு முடக்கியிருக்கிறது என்று அர்த்தம். உலகம் முழுக்கப் புழங்குகிற தாள். எக்ஸ்ரே வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஒரு பேனா போதும். மகள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வலி எவ்வளவு? குளிக்க, உடுத்த முடிகிறதா? ஜாக்கெட் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான். அவளுக்கே விடை தெரியும். கனம் தூக்க முடிகிறதா? தண்ணீர்க் குடத்தை விட்டு வருஷமாயிற்று. படிக்க முடிகிறதா? தலைவலி உண்டா? மனசு ஒரு இடத்தில் நிற்கிறதா? வேலை? தூக்கம்?

எட்டாவது கேள்வி கார் ஓட்டும்போது வலிக்கிறதா என்பது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "கார் இல்லாதவங்களுக்கு இதை விட்டுடலாம்மா, நாப்பத்தஞ்சுக்குக் கணக்குப் போட்டுக்கலாம்" என்றாள். விட்டுவிடலாம், சரி. அந்த இடத்தில் "நாடா போடும்போது வலிக்கிறதா" என்று சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே?

கடைசிக் கேள்வி பொழுதுபோக்கு. எனக்கு என்ன பொழுதுபோக்கு! வைகாசியில் வரதர் கருடசேவை ஒன்றுதான். விடியற்காலை கோபுர வாசலில் பெருமாள் கருடன் மேல் எழுந்தருளும்போது சுற்றி நிற்கிற அத்தனை தலையும் அண்ணாந்திருக்கும், கை எல்லாம் மேலே போகும். அன்றைக்கு என்னால் பார்வையைச் சுமக்கிறவர்களின் தோள்வரைக்கும்தான் உயர்த்த முடிந்தது. அந்தத் தோள்களின் வேர்வையையும், தண்டின் கீழே மடித்துப் போட்ட துண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமாளைப் பார்க்கவில்லை. இதற்கு எத்தனை மார்க் போடுவது என்று மகள் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். ஐந்து போட்டாள்.

கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் போய்விட்டது.

ஆஸ்திரேலியாவில் விபத்தில் கழுத்து அடிபட்டவர்களை வைத்து 2013-ல் ஒரு கணக்கு வந்திருக்கிறதாம். இந்தத் தாளில் நூற்றுக்கு 40-க்கு மேல் மார்க், வயசு 35-க்கு மேல், கூடவே தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுதல், எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று ஒரு படபடப்பு. மூன்றும் சேர்ந்திருந்தால் அந்த ஆளுக்கு வலி தங்கிவிட வாய்ப்பு அதிகம். 35-க்குக் கீழே வயசு, மார்க்கும் குறைவு என்றால் முழுசாகத் தேறிவிடுகிறவர்கள் அதிகம். இடித்த வண்டி என்ன வேகத்தில் வந்தது, எந்தப் பக்கம் இடித்தது என்பதெல்லாம் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லையாம். வலிக்கிறவர் எப்படி இருக்கிறார் என்பதுதான் சொல்கிறது. "இது கார் விபத்துக் கணக்கும்மா, உனக்கு அப்படியே பொருத்த முடியாது. ஒரு ஊர்ல போட்ட கணக்கை இன்னொரு ஊர்ல சோதிச்சுப் பாத்துட்டுத்தான் நம்பணும்" என்றாள் மகள். படித்த பிள்ளை, நிதானமாகப் பேசுகிறாள். எனக்கு நிதானம் வரவில்லை. விபத்து என்றால் காப்பீட்டுக் கம்பெனி காசு கொடுத்தாக வேண்டும். காசு கொடுப்பவனுக்கு எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று தெரிந்தாக வேண்டும். அதனால் அங்கே கணக்கு ஓடுகிறது. தறியில் முறிந்த கழுத்துக்கு யார் காசு தருகிறார்கள், அதற்குக் கணக்குப் போட? வீட்டில் தறி போட்டு நெய்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டா, விடுப்புச் சம்பளம் உண்டா?

சரி, கார் வேண்டாம். வேலை செய்கிறவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். 2000 முதல் 2010 வரை எலும்பு மூட்டுப் பத்தாண்டு என்று உலக அளவில் ஒரு முயற்சி நடந்தது. அதில் கழுத்துவலிக்கென்று அமைத்த குழு, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2008-ல் அறிக்கை கொடுத்தது. வேலைக்குப் போகிறவர்களில் கழுத்துவலி வந்த 100 பேரை ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் 60-லிருந்து 80 பேர்வரை இன்னும் வலி இருக்கிறது என்கிறார்கள். இது 2008-லேயே அச்சில் வந்த விஷயம். அப்புறம் எந்தத் துணிச்சலில் எனக்குப் பத்து நாள் கெடு கொடுத்தார்கள்?

அதே அறிக்கையில் இன்னொன்று இருக்கிறது. மகள் அதைப் படித்துச் சொன்னபோது நான் தாளையே பிடுங்கிப் பார்த்தேன், ஏதோ இங்கிலீஷ் எனக்குப் புரியப் போகிறமாதிரி. முன்னாலேயே கழுத்துவலி வந்தவர்களுக்குத் தேறுவது கடினம். நாற்காலி வேலைக்காரர்களைவிட உடலுழைப்புக்காரர்களுக்குக் கடினம். தங்கள் வேலையில் தங்கள் சொல் செல்லாதவர்களுக்கும் கொஞ்சம் கடினம்.

தங்கள் சொல் செல்லாதவர்கள்! யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பட்டு முதலாளிகள் கொடுப்பது. சரிகை அவர்கள் கொடுப்பது. டிசைன் அவர்கள் ஜக்கார்டு அட்டையில் குத்திக் கொடுப்பது. உடல் மயில் கழுத்து நிறமா, அரக்கா என்பது அவர்கள் சொல்வது. முகூர்த்தத்துக்கு இன்ன தேதியில் வேண்டும் என்பதும் அவர்கள். கூலி எவ்வளவு என்பது சொல்லவே வேண்டாம். எனக்கென்று இருப்பது உட்காருவது ஒன்றுதான், அதையும் எப்போது எழுந்திருப்பது என்று பாவு சொல்கிறது. இதற்கெல்லாம் மேலே முன்பணம். பிள்ளையின் படிப்புக்கு, மாமனார் சாவுக்கு, கூரை மாற்ற என்று வாங்கியது. அதைத் தீர்க்காமல் இன்னொருவரிடம் போக முடியாது, தீர்க்க வேண்டுமானால் நெய்ய வேண்டும், நெய்தால் கழுத்து. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டில் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களுக்கு மாதம் 5,000 ரூபாய்கூட வரும்படி இல்லை. இந்த நிலைமையில் ஓய்வெடுங்கள், டென்ஷனைக் குறையுங்கள் என்பது சிகிச்சையா, கேலியா?

டாக்டர் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். இதற்கு முன்னால் கழுத்து பிடித்திருக்கிறதா? கைக்கு இறங்குகிறதா? தலைவலி, இடுப்புவலி கூட உண்டா? தூங்குகிறீர்களா? வேலை எப்படி, கடன் உண்டா? இது தேறும் என்று நீங்கள் நம்புகிறீர்களா? கடைசிக் கேள்வி சும்மா ஆறுதலுக்குக் கேட்பதல்ல. தேறிவிடுவேன் என்கிற எதிர்பார்ப்பு இருப்பவர்கள் தேறுவதும், இல்லாதவர்கள் தேறாமல் போவதும் திரும்பத் திரும்ப ஆய்வுகளில் தென்பட்டிருக்கிறது. தேய்மானம் என்ற ஒரு சொல்லால் என்னிடமிருந்து பறித்தது அதைத்தான். ஐந்து நிமிஷம் ஆகுமா இதைக் கேட்க? வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்பீர்கள். தெரியும், அந்த நாற்பது பேரில் ஒருத்தியாகத்தானே நானும் உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்ரே எடுக்க என்னை ஒரு மணி நேரம் உட்கார வைக்க நேரம் இருந்தது.

சரிகையில் வெள்ளி எத்தனை, தங்கம் எத்தனை என்று சோதிக்க இந்த ஊரில் மெஷின் இருக்கிறது. புடவைக்குப் புவிசார் குறியீடு வாங்கி இருபது வருஷம் ஆகிறது. பட்டின் மேல் இத்தனை கண்! அதை நெய்தவளை நேருக்கு நேர் பார்த்து ஒரு கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லை.

மகள் ஒன்று சொன்னாள். அதை மறைக்கக் கூடாது. "உனக்கு இது போகாதுன்னு மொத நாளே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா உனக்கு நல்லதா இருந்திருக்குமாம்மா? நம்பிக்கை போறதே வலி தங்குறதுக்கு ஒரு காரணம்னா, ஜோசியம் மாதிரி சொல்றதும் தப்புதானே?" நியாயம். யோசித்தேன். நான் கேட்பது ஜோசியம் அல்ல. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்துச் சொல்வதுபோல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். என்னைத் தனியாக எடுத்து வைத்திருக்கலாமே. இந்தம்மாவுக்குப் பட்டையும் மாத்திரையும் போதாது, வாரம் ஒருமுறை வரச் சொல்லு, உடற்பயிற்சி சொல்லிக் கொடு, தேய்மானம் என்றால் பயப்படாதே என்று விளக்கு, வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் பேசு, தறி உயரத்தை, உட்காரும் பலகையை மாற்ற முடியுமா பாரு. இப்படி ஒரு குறிப்பு அந்தச் சீட்டின் ஓரத்தில் இருந்திருந்தால் போதும். தேறுகிறவர்களைப் பத்து நாளில் அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே சீட்டு எழுதுவது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

வழியே இல்லை என்றால் விதி என்று விட்டிருப்பேன். வழி இருக்கிறது. ஃபின்லாந்தில் நாள்பட்ட கழுத்துவலியோடு அலுவலகம் போய்க்கொண்டிருந்த 180 பெண்களை வைத்து ஒரு வருஷம் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் முடிவு வந்தது. தலையில் ரப்பர் பட்டையை மாட்டி இழுத்தும், படுத்தபடி தலையைத் தூக்கியும் கழுத்துத் தசையைப் பலப்படுத்தியவர்களுக்கு வலியும் முடக்கமும் நன்றாகவே குறைந்திருக்கிறது. வெறுமனே நீட்டி மடக்கியவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆக, நாள்பட்டதும் இறங்கும். கழுத்துக்குப் பட்டை கட்டி அசையாமல் வைத்தால் இருக்கிற தசையும் தளர்ந்து போகும். எனக்குக் கொடுத்தது பட்டை! மாதக்கணக்கில் கட்டிக்கொண்டு திரிந்தேன், கழற்றினால் தலை விழுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு.

அந்தப் பயிற்சியை இந்த ஊரில் எனக்கு யார் சொல்லித் தருவது? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால், அறுவை செய்தால் அதற்கு மதிப்பு. கழுத்தை அறுக்க லட்சம் கிடைக்கும், கழுத்தைப் பழக்க வாரம் இருநூறு ரூபாய் என் கையிலிருந்து போக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்தபோது சந்தோஷப்பட்டேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம். அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் உண்டு. படுக்கையில் விழுந்தவர்களுக்கு முதலில் போகட்டும், அதை நான் குறை சொல்லமாட்டேன். விழாமல் தடுக்க ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தால் என்ன என்றுதான் கேட்கிறேன். உலகத்தில் 2020 கணக்குப்படி 20 கோடிப் பேருக்கு மேல் கழுத்துவலியாம், 2050-ல் 27 கோடியை நெருங்குமாம். எங்கள் தெருவில் தறி போட்ட வீடுகளில் வந்து எண்ணுங்கள், எத்தனை தேறும் பார்ப்போம்.

மனுஷர்கள் கைவிட்டதும் சாமியிடம் போனேன். கார்த்திகை மாசம் கடைஞாயிற்றுக்குக் கச்சபேஸ்வரர் கோயிலில் மண்டை விளக்கு எடுப்பார்கள். தலைநோய் தீர வேண்டிக்கொண்டு மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றி, அதைத் தலையில் சுமந்து வலம் வருவது. கூட்டம் எங்கிருந்துதான் வருமோ! கழுத்துவலிக்காரி தலையில் எரிகிற சட்டியைச் சுமப்பதா என்று மகள் சண்டை போட்டாள். சுமந்தேன். சூடு உச்சியில் இறங்க, புகை கண்ணில் ஏற, முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்துக்கொண்டு சுற்றி வந்தேன். என்னைச் சுற்றி வந்த பெண்களில் பாதிப் பேர் தறிக்காரிகள் என்பது அவர்கள் விரல் காய்ப்பைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருத்தியிடமாவது யாராவது "எல்லாம் மனசுதான்" என்று அங்கே சொன்னார்களா? "படம் எங்கே" என்றார்களா? வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று ஏற்றுக்கொண்ட ஒரே இடம் அதுதான். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதலில் நம்புங்கள், அப்புறம் சிரிக்கலாம்.

நெய்கிறவனுக்கு எதற்குக் குரங்குக்குட்டி என்று ஒரு பழமொழி உண்டு. இந்தத் தாளும் கணக்கும் பேச ஆரம்பித்ததிலிருந்து தெருவில் எனக்கு அதைத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். மகள் அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கார் கேள்வியை அடித்துவிட்டு நாடா என்று எழுதச் சொன்னேன். "அப்படி இஷ்டத்துக்கு மாத்தினா மார்க் செல்லாதும்மா, முறைப்படி சோதிக்கணும்" என்றாள். மார்க் செல்லாவிட்டால் போகட்டும், டாக்டர் காதில் விழட்டும், எழுது என்றேன்.

மூன்றாம் வீட்டு மருமகளுக்குப் போன வாரம் கழுத்து பிடித்துக்கொண்டது. முப்பது வயசு இருக்கும். கை விரல்வரை மரத்துப் போகிறது என்கிறாள், ராத்திரி தூக்கம் இல்லை, முன்பணம் என்னுடையதைவிட அதிகம், கல்யாணத்துக்கு முன்னாலேயே இரண்டு மூன்று தடவை இப்படி வந்திருக்கிறதாம். தேறிவிடுவாயா என்றதற்குத் தலையைக்கூட ஆட்ட முடியாமல் அழுதாள். விடைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினேன். டாக்டர் அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு எக்ஸ்ரேக்கு எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை படத்தோடு மறுபடி வரச் சொல்லியிருக்கிறாராம். கூட நான் போகிறேன். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பதற்கு முன்னால் இந்தத் தாளை மேசையில் விரித்து வைப்பேன். படிக்கிறவரை அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கமாட்டேன். வெளியே நிற்கிற நாற்பது பேரும் என்னைத் திட்டினாலும் சரி.